293318625600: ராமானுஜன் அட்டவணையில் இடம்பெறாமல் போன எண்

கேள்வி இது: 293318625600 என்ற எண்ணுக்கு என்னென்ன பண்புகள் உண்டு, எந்தெந்த வகைகளில் அது சேரும், ராமானுஜன் வெளியிட்ட உயர் பகு எண்களின் (தம்மைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்களின்) பட்டியலில் விடுபட்டது இதுதான் என்று சொல்வது உண்மையா?

உண்மைதான். ஆனால் அதற்குப் போவதற்கு முன் எண்ணை உடைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு முழு எண்ணைப் பற்றிச் சொல்லப்படும் ஐம்பது பண்புகளில் நாற்பதாவது அதன் பகாக் காரணிகளை எழுதிய ஒரே வரியிலிருந்து தானாக வந்து விழுபவை. மிச்சமிருக்கும் சிலவற்றுக்குத்தான் உழைக்க வேண்டும்.

நம் முறையில் காற்புள்ளி இட்டால் 2,93,31,86,25,600. அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு இலக்கம். கணிப்பொறி இல்லாமலே இதை உடைக்கலாம். வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்தும் கூட்டியும் பாருங்கள்: 600 − 625 + 318 − 293 = 0. விடை பூஜ்யம் என்றால் எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. ஒரே அடியில் மூன்று பகா எண்கள் கிடைத்துவிட்டன. வகுத்தால் 293025600.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 7 வந்துவிட்டது, முடிந்தது என்று அடுத்த பகா எண்ணுக்குத் தாவிவிடுவார்கள். மீண்டும் அதே சோதனையைச் செய்யுங்கள்: 600 − 025 + 293 = 868. இது 7-ஆல் வகுபடும் (7 × 124), 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. ஆக இரண்டாவது 7 ஒன்று உள்ளே இருக்கிறது. இந்த எண்ணின் கதை முழுவதும் அந்த இரண்டாவது 7-ஐச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. வகுத்தால் 41860800. கடைசி இரண்டு பூஜ்யத்தை எடுத்து வைத்தால் 418608. அதை 17-ஆல் வகுக்க 24624, அதை 19-ஆல் வகுக்க 1296. 1296 என்பது 36-இன் வர்க்கம், அதாவது 2⁴ × 3⁴. எடுத்து வைத்த 100 என்பது 2² × 5². எல்லாவற்றையும் சேர்த்தால்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

முதல் நான்கு பகா எண்களின் அடுக்குகளும் இரட்டைப்படை என்பதைக் கவனியுங்கள். ஆகவே இதை 2520² × 46189 என்றும் எழுதலாம். 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எண்களின் மீ.சி.ம. 46189 என்பது 11 × 13 × 17 × 19. எண்ணுக்குள் இருக்கும் மிகப் பெரிய வர்க்கம் 2520-இன் வர்க்கம்தான்.

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அடுக்குகளை அப்படியே பெருக்கி 96 என்று எழுதுவது தேர்வுத்தாளில் அடிக்கடி காணும் பிழை. அடுக்கு 6 என்றால் 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடுவது முதல் ஆறு முறை எடுப்பது வரை ஏழு வாய்ப்பு. அந்த 'எடுக்காமல் விடுவது' கணக்கில் வராமல் போனதால்தான் 96 வருகிறது.

5040 எவ்வளவு பெரியது என்று புரிய ஓர் ஒப்பீடு. இந்த அளவிலுள்ள எண்களை ஒட்டுமொத்தமாக எடுத்தால் சராசரியாக ஓர் எண்ணுக்கு 26 அல்லது 27 காரணிகள்தான் (எண்ணின் இயல் மடக்கை 26.40, அதோடு சுமார் 0.15). ஒரு சாதாரண எண்ணுக்கு வெவ்வேறு பகாக் காரணிகள் மூன்றை ஒட்டி இருக்கும் என்பது ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் காட்டியது. இங்கே எட்டு இருக்கின்றன. திரும்ப வருபவற்றையும் எண்ணினால் பதினெட்டு.

எண் முழு வர்க்கம் அல்ல. எனவே காரணிகள் மிச்சமில்லாமல் 2520 சோடிகளாகப் பிரியும். ஒவ்வொரு சோடியிலும் சிறியது வர்க்கமூலத்துக்குக் கீழே, அதாவது 541588.98-க்குக் கீழே இருக்கும். எல்லாக் காரணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் இந்த எண்ணின் 2520-ஆம் அடுக்கு கிடைக்கும். அது 28,898 இலக்கமுள்ள எண். ஒற்றைப்படைக் காரணிகள் 720, இரட்டைப்படைக் காரணிகள் 4320. ஒற்றைப்படைக் காரணி ஒவ்வொன்றும் எண்ணைத் தொடர்ச்சியான இயல் எண்களின் கூட்டுத்தொகையாக எழுதும் ஒரு வழியைத் தரும். தன்னந்தனி எண்ணாக நிற்கும் அற்ப வழியைத் தள்ளினால் 719 வழிகள். வர்க்கமாக இருக்கும் காரணிகள் 48, கனமாக இருப்பவை 6, எந்தப் பகா எண்ணும் திரும்ப வராதவை 256.

1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இது வகுபடும். முதலில் மறுப்பது 23 (மீதி 17). அதற்குப் பிறகு 24 முதல் 28 வரை மறுபடியும் வகுபடும், 29 மறுக்கும். 1 முதல் 22 வரையுள்ள எண்களின் மீ.சி.ம 232792560. அதன் 1260 மடங்கு நம் எண்.

இனி வகைகள். முதலில் இலவசமாகக் கிடைக்கும் பட்டங்களை விரைவாக முடித்துவிடலாம். இலக்கக் கூட்டுத்தொகை 45, எண் 45-ஆல் வகுபடுகிறது, ஆகவே கப்ரேகர் சொன்ன ஹர்ஷத் எண். தன் காரணிகளின் எண்ணிக்கையான 5040-ஆலேயே வகுபடுகிறது (ஈவு 58198140), ஆகவே அந்த வகையிலும் சேரும். 1948-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் ஏ. கே. ஸ்ரீனிவாசன் அறிமுகப்படுத்திய நடைமுறை எண் வகையிலும் சேரும். அதன் பொருள், தன் காரணிகளில் சிலவற்றை ஒருமுறை மட்டும் எடுத்துக் கூட்டி 1 முதல் காரணிகளின் மொத்தக் கூட்டுத்தொகை வரை எந்த எண்ணையும் உண்டாக்கலாம் என்பது. இதற்கான சோதனை எளிது: பகா எண்களைச் சிறியதிலிருந்து சேர்த்துக்கொண்டே போகும்போது, அடுத்து வரும் பகா எண் அதுவரை சேர்ந்ததன் காரணிக் கூட்டுத்தொகையோடு ஒன்றைக் கூட்டியதைத் தாண்டக் கூடாது. 2⁶ மட்டுமே 127 தருகிறது, அடுத்து வரும் 3 எங்கே 128 எங்கே. இந்தப் பட்டங்கள் பொய்யில்லை. ஆனால் சிறிய பகா எண்கள் நிறைய அடங்கிய எந்த எண்ணுக்கும் ஒட்டக்கூடியவை. இவற்றை வைத்து இந்த எண்ணை அடையாளம் காண முடியாது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டாக இதை எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் இரட்டைப்படை அடுக்கில் இருந்தால்தான் அது முடியும். 3-உம் 7-உம் அந்த விதிக்குக் கட்டுப்படுகின்றன, 11-உம் 19-உம் ஒற்றை அடுக்கில் நின்று கெடுக்கின்றன. மூன்று வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம்: 4-ஐ முடிந்த மட்டும் (மூன்று முறை) எடுத்த பின் நிற்கும் 4583103525-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. அது 7-ஆக இருந்தால்தான் தடை.

தன்னைவிடச் சிறிய, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை (ஆய்லர் சார்பு) 50164531200. மொத்தத்தில் 17.1 சதவீதம். அந்த எண்களில் எதை எடுத்து 15120-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் 293318625600-ஆல் வகுக்கும்போது மீதி 1. ஐயாயிரம் கோடிக்கு மேல் இருக்கும் ஒரு கூட்டம் 15120 என்ற சிறிய அடுக்கில் அடங்கிவிடுவதற்குக் காரணம், 16, 54, 20, 42, 10, 12, 16, 18 ஆகியவற்றின் மீ.சி.ம அவ்வளவுதான். 64-க்கு 32-ஐப் போடாமல் 16-ஐப் போட வேண்டும். 2-இன் அடுக்குகளுக்கு 8 முதல் இந்தப் பாதிக்கும் விதி உண்டு. இங்கே 32-ஐப் போட்டால் விடை 30240 ஆகிவிடும். அதுவும் வேலை செய்யும், ஆனால் மிகச் சிறியது அல்ல.

காரணிகளின் கூட்டுத்தொகை 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 = 1642243014720. எண்ணையே கழித்தாலும் 1348924389120 மிஞ்சுகிறது, எண்ணைவிட நான்கு மடங்குக்கு மேல். ஆகவே நிறைவெண் (மிஞ்சுவது எண்ணுக்குச் சமம்) அல்ல, குறைவெண் (எண்ணைவிடக் குறைவு) அல்ல, பெரிய மிகையெண் (எண்ணைவிட அதிகம்). கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதம் 5.5988. இந்த விகிதத்தை நினைவில் வையுங்கள், பின்னால் அது ஒரு பட்டத்தைப் பறிக்கப்போகிறது.

உழைத்துப் பெற வேண்டிய பட்டம் ஒன்று: உயர் பகு எண். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இருப்பதைவிட அதிகமான காரணிகள் உடைய எண்ணுக்கு அந்தப் பெயர். சமமாக இருந்தால் போதாது, கண்டிப்பாக அதிகமாக இருக்க வேண்டும். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கும் வரிசை. ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். 1916-இல் அவருக்குப் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்குத்தான். அந்தக் கட்டுரையில் 6746328388800 வரை 102 உயர் பகு எண்களின் அட்டவணை இருக்கிறது. அதில் விடுபட்டது 293318625600.

இது உயர் பகு எண்தான் என்று எப்படி உறுதி செய்வது? 29,331 கோடி எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டு எளிய கருத்துகள் போதும். ஒன்று, போட்டிக்கு வரும் எண்ணில் பகா எண்கள் இடைவெளி இல்லாமல் 2-இலிருந்து தொடர வேண்டும். 23-ஐ விட்டு 29-ஐ வைத்தால், 29-ஐ 23-ஆக மாற்றினாலே அதே காரணி எண்ணிக்கையோடு சிறிய எண் கிடைத்துவிடும். இரண்டு, அடுக்குகள் இறங்கிக்கொண்டோ சமமாகவோ போக வேண்டும். 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிட அதிகம் என்றால் இரண்டையும் மாற்றி வைத்து எண்ணைச் சிறிதாக்கலாம். ராமானுஜன் இன்னொன்றையும் நிறுவினார்: 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. நம் எண்ணில் 19-இன் அடுக்கு 1, சரியாக இருக்கிறது.

இப்போது எத்தனை பகா எண்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். பதினொன்று (31 வரை): அவற்றின் பெருக்கற்பலன் மட்டுமே 200560490130. அதை இரட்டிப்பாக்கக்கூட இடமில்லை. காரணிகள் 2048, போட்டியில் இல்லை. பத்து (29 வரை): பெருக்கற்பலன் 6469693230, மேலே 45 மடங்கு வரை பெருக்க இடமுண்டு. 36-ஆல் பெருக்குவது மிக நல்லது, அது 4096 தருகிறது. போதாது. ஒன்பது (23 வரை): பெருக்கற்பலன் 223092870, மேலே 1314 மடங்கு வரை இடம். 1080-ஆல் பெருக்கினால் 240940299600, காரணிகள் 4800. அதைத் தாண்ட 1440-ஆல் பெருக்க வேண்டும், அப்போது 5376 வரும், ஆனால் 1440 எல்லைக்கு வெளியே. எட்டு பகா எண்கள் (19 வரை): பெருக்கற்பலன் 9699690, அதன் 30240 மடங்கு நம் எண். அதற்குக் குறைந்த மடங்குகளில் 20160, 25200, 25920, 28800 போன்ற நல்ல வேட்பாளர்கள் எல்லாம் 4608-இல் நின்றுவிடுகின்றன. அதைவிடக் குறைந்த பகா எண்களோடு முயன்றால் அடுக்குகளைக் குவிக்க வேண்டியிருக்கும், அது இன்னும் வீண்.

ராமானுஜனின் அட்டவணையில் இந்தப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதினால் ஒரு வேடிக்கை தெரியும். எண், காரணிகள், கடைசிப் பகா எண்:

64250746560 — 3584 — 23
73329656400 — 3600 — 19
80313433200 — 3840 — 23
97772875200 — 4032 — 19
128501493120 — 4096 — 23
146659312800 — 4320 — 19
160626866400 — 4608 — 23
240940299600 — 4800 — 23
293318625600 — 5040 — 19
321253732800 — 5376 — 23

23 என்ற பகா எண் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பிறகு போகாது என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அது வருவதும் போவதுமாக இருக்கிறது. 19-இல் முடியும் நான்கு எண்களிலும் 7² இருக்கிறது, 23-இல் முடியும் எண்களில் 7-இன் அடுக்கு 1. நம் எண்ணுக்குப் பிறகு, அட்டவணையின் கடைசி வரை, எல்லா எண்களிலும் 23 உண்டு. ஆக 19-இல் முடிபவற்றில் அந்த அட்டவணை எல்லைக்குள் கடைசி எண் இதுதான்.

விடுபட்ட இடம் ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு எண்களே ஒரு குறிப்புத் தருகின்றன. 240940299600-இலிருந்து நம் எண்ணுக்கு 28/23 மடங்கு, நம் எண்ணிலிருந்து 321253732800-க்கு 23/21 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 4/3. அதாவது நடு எண்ணை எடுத்துவிட்டால், மேலும் கீழும் நிற்கும் எண்கள் ஒரு 3-ஐ எடுத்து இரண்டு 2-ஐ வைத்ததுபோல் இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன. உயர் பகு எண்களின் முழு வரிசையில் 4/3, 3/2 ஆகிய தாவல்கள் சர்வ சாதாரணம். 28/23 போன்ற தாவல்தான் அபூர்வம். ராமானுஜன் மனத்தில் என்ன நடந்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது. வடு தெரியாத இடத்தில் விடுபட்டிருக்கிறது என்பது மட்டும் உறுதி. இன்னொன்று: அட்டவணையின் கடைசி எண் 6746328388800. அது விடுபட்ட எண்ணின் மிகச் சரியாக 23 மடங்கு.

இந்த எண் ஏன் வெற்றி பெறுகிறது, ஏன் மயிரிழையில் மட்டும் வெற்றி பெறுகிறது என்பதை ஒரே கணக்கில் பார்க்கலாம். 13967553600 என்ற உயர் பகு எண்ணை எடுங்கள். அது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19, காரணிகள் 2688. அதை 23-ஆல் பெருக்கினால் காரணிகள் இரட்டித்து 5376 ஆகும், கிடைப்பது 321253732800. அதையே 21-ஆல், அதாவது 3 × 7-ஆல் பெருக்கினால், 3-இன் அடுக்கு உயர்வது 5/4 மடங்கும் 7-இன் அடுக்கு உயர்வது 3/2 மடங்கும் தரும். மொத்தம் 1.875 மடங்கு, காரணிகள் 5040. கிடைப்பது நம் எண். பையில் 23 ரூபாய் இருந்தால் ஒரே பொருளாக நல்லதை வாங்கலாம், 22 ரூபாய்தான் இருக்கிறது என்றால் 21 ரூபாய்க்கு இரண்டு சில்லறைப் பொருள்களைச் சேர்த்து வாங்குவோம் அல்லவா, அதே கணக்கு. 21-க்கும் 23-க்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் இந்த எண் முதலிடத்தில் இருக்கிறது.

இதனாலேயே அடுத்த படியான மேனிலை உயர் பகு எண் என்ற பட்டம் இதற்கு இல்லை. அதுவும் ராமானுஜன் வகுத்த வகைதான். ஏதாவது ஒரு நிலையான நேர்ம அடுக்கைத் தேர்ந்தெடுத்து, எண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதனால் காரணி எண்ணிக்கையை வகுத்தால், அந்த ஈவு எல்லா எண்களிலும் உச்சமாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்கும் வழி: ஒரு பகா எண்ணைக் கூடுதலாக ஒருமுறை சேர்க்கும்போது காரணிகள் எத்தனை மடங்காகின்றனவோ அதன் மடக்கையை, அந்தப் பகா எண்ணின் மடக்கையால் வகுக்க வேண்டும். ஆறாவது 2-க்கு 0.2224, முதல் 23-க்கு 0.2211, இரண்டாவது 7-க்கு 0.2084, முதல் 29-க்கு 0.2058, நான்காவது 3-க்கு 0.2031. மேனிலை எண் என்றால் இந்த வரிசையில் மேலிருந்து கீழாக ஒன்றையும் தாண்டாமல் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். நம் எண் 23-ஐயும் 29-ஐயும் தாண்டிவிட்டு 7-ஐயும் 3-ஐயும் எடுத்திருக்கிறது. 7² வேண்டும் என்றால் அடுக்கு 0.2084-ஐத் தாண்டக் கூடாது, 23 வேண்டாம் என்றால் அடுக்கு 0.2211-க்குக் குறையக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது. மேனிலை வரிசையில் 13967553600-க்கு அடுத்தது நேரே 321253732800, அதற்கடுத்தது அதன் 7 மடங்கான 2248776129600.

இப்போது அந்த 5.5988. காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதில், காரணிக் கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதத்தில் சாதனை படைக்கும் எண்கள் தனி வகை. பெருமிகையெண் என்று சொல்லலாம். அலாவோக்லுவும் ஏர்டிஷும் 1944-இல் இவற்றை ஆராய்ந்தார்கள். ராமானுஜன் கட்டுரையில் இதைத் தொட்ட பகுதி அன்று அச்சேறவில்லை, 1997-இல்தான் வெளிவந்தது. உயர் பகு எண் என்றால் பெருமிகையெண்ணாகவும் இருக்கும் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். சிறிய எண்களில் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றும். மொத்தத்தில் இரண்டு வகையிலும் சேரும் எண்கள் 449 மட்டுமே. 293318625600 அவற்றில் இல்லை. அதைவிடச் சிறிய 160626866400-இன் விகிதம் 5.6475, 240940299600-இன் விகிதம் 5.604. இரண்டுமே நம் எண்ணை மிஞ்சுகின்றன. காரணம் மறுபடியும் 23: புதிய பகா எண் 23 விகிதத்தை 24/23 மடங்காக, அதாவது 4.3 சதவீதம் உயர்த்துகிறது. இரண்டாவது 7 அதை 57/56 மடங்காக மட்டுமே, 1.8 சதவீதம்கூட இல்லை.

காரணிக் கூட்டுத்தொகையைப் பேசும்போது ராபின் 1984-இல் நிறுவியதையும் குறிப்பிட வேண்டும். 5040-ஐவிடப் பெரிய எல்லா எண்களிலும் இந்த விகிதம், எண்ணின் இயல் மடக்கையின் இயல் மடக்கையை 1.78107-ஆல் பெருக்கியதற்குக் குறைவாகவே இருக்கும் என்பது, பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளுக்குச் சமமான கூற்று. நம் எண்ணுக்கு அந்த எல்லை 5.83. விகிதம் 5.60, எனவே வசதியாக உள்ளே இருக்கிறது. இதுவரை தெரிந்த விதிவிலக்குகளில் கடைசியான 5040 நம் எண்ணின் காரணி எண்ணிக்கையாகவும் வருவது தற்செயல்தான். இத்தகைய தற்செயல்களைப் பெரிய இரகசியமாகக் கொண்டாடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

தற்செயல் அல்லாத ஒரு குடும்ப உறவு உண்டு. இந்த எண்ணை 2, 3, 4, 6, 7, 14, 21, 28, 42, 63, 84 ஆகியவற்றில் எதனால் வகுத்தாலும் கிடைப்பது உயர் பகு எண். ஆனால் 5-ஆல் வகுத்தால் அல்ல: 58663725120-க்கு 3360 காரணிகள், அதே 3360 அதைவிடச் சிறிய 41902660800-க்கு முன்பே இருக்கிறது. இரட்டிப்புத் தொடரும் அழகு: 73329656400, 146659312800, 293318625600 மூன்றும் உயர் பகு எண்கள், காரணிகள் 3600, 4320, 5040. இரு பக்கமும் தொடர் அறுவது சமநிலையால்தான். கீழே 36664828200-க்கு 2880 காரணிகள், அதை 20951330400 முந்திக்கொண்டது. மேலே 586637251200-க்கு 5760, அதை 481880599200 முந்திக்கொண்டது.

நிரல் எழுதிச் சரிபார்க்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். எண்ணுக்கு 39 பிட் வேண்டும். 32 பிட் முழு எண் மாறியில் போட்டால் பல மொழிகளில் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் 1260849472 என்று ஆகிவிடும். நேர்ம எண்ணாகவே நிற்பதால் சந்தேகமும் வராது. அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி: 2⁶ சரியாக வரும், அடுத்து 3-ஆல் வகுபடாது. அப்படி நின்றால் மாறியின் அளவைப் பாருங்கள். 64 பிட் போதுமானது. விரிதாளில் எண் கெடாது, ஆனால் பொது வடிவமைப்பில் 12 இலக்க எண் சுருக்கக் குறியீட்டில் காட்டப்படும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் கடைசி இலக்கங்கள் போய்விடும்.

காரணிகளை எண்ண 541588 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதும் நடக்கும், ஆனால் வீண். கிடைத்த பகா எண்ணை அப்போதே முழுமையாக வகுத்து எடுத்துவிட்டால் 19-ஐத் தொடும்போது வேலை முடிந்துவிடும். உயர் பகு எண்களின் பட்டியலைத் தயாரிக்க, இறங்கும் அடுக்குகளைக் கொண்ட எல்லாச் சேர்க்கைகளையும் எல்லை வரை உண்டாக்கி, எண்ணின் அளவில் வரிசைப்படுத்தி, காரணி எண்ணிக்கையில் புதிய சாதனை வரும்போது மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நொடியில் முடியும். முந்தைய உயர் பகு எண்ணின் மடங்குகளை மட்டும் தேடும் குறுக்கு வழியை எடுக்காதீர்கள். 293318625600 அதற்கு முந்தைய எண்ணின் மடங்கு அல்ல. கடைசிப் பகா எண் குறையாது என்று வைத்து வெட்டும் நிரலும் இதே எண்ணைத் தவறவிடும். இரண்டு பிழைகளையும் பிடிக்க இதைவிட நல்ல சோதனை எண் கிடைப்பது கடினம்.

நிரல் சரியாக இருந்தால் 6746328388800 வரை, 1-ஐயும் சேர்த்து, 104 எண்கள் வரும். நம் எண் 91-ஆவது. 2-இலிருந்து எண்ணினால் மொத்தம் 103, நம் எண் 90-ஆவது. 102 வந்தால் எந்த எண் இல்லை என்று முதலில் 240940299600-க்கு அடுத்த வரியைப் பாருங்கள்.